நனவும் உணர்வும்: நடுநாட்டில் உறக்கக் கொள்கையின் வரலாறு

தோற்றுவாய்

பெண்ணை, கெடிலம், மணிமுத்தாறு, வெள்ளாறு ஆகிய ஆறுகள் பாயும் நிலப்பகுதியை நடுநாடு என வழங்குதல் தமிழ் மரபு. அதன் நடுவே, முதுகுன்றத்திற்கும் வடலூருக்கும் அண்மையில், நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி நகரியம் அமைந்துள்ளது. 1956ஆம் ஆண்டு நவம்பரில் நிறுவனமாகப் பதிவு பெற்று, 1957ஆம் ஆண்டு மே மாதத்தில் சுரங்கத் தோண்டுதல் தொடங்கப்பெற்ற இந்நகரியம், இரவென்றும் பகலென்றும் பாராது இயங்குவது. இங்கு ஒருவர் விழித்தெழும் வேளையில் அடுத்த வீட்டார் உறங்கப் போவர். உறக்கம் கதிரவனைப் பின்பற்றாது பணிமுறைப் பட்டியலைப் பின்பற்றும் ஊர் இது.

இதே நிலப்பகுதியில், ஏறத்தாழ எழுநூறு ஆண்டுகளுக்கு முன்னர், உறங்குகின்றவனிடத்து எஞ்சி நிற்பது யாது என்னும் வினா சாத்திர முறையில் ஆராயப்பெற்றது. பெண்ணாகடத்தில் தோன்றித் திருவெண்ணெய்நல்லூரில் வாழ்ந்தவர் மெய்கண்டார் என்ப. அவர்தம் மாணாக்கர் அருணந்தி சிவாசாரியார் திருத்துறையூரினர். இம்மூன்றும் நடுநாட்டு ஊர்களே. இவ்வாசிரியர் வகுத்த ஐந்தவத்தைக் கொள்கையின் வரலாற்றை எடுத்துரைத்து, ‘நனவு’ என்னும் சொல்லை அறிவுநிலை முழுவதற்கும் பெயராக ஆளும் இற்றைத் தமிழ் உளவியல் வழக்கு அக்கொள்கையோடு பொருந்துமா என ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கம். இது சொல்லளவில் நிற்கும் வழக்கன்று. உறங்குகின்றவனை ‘அங்கு இல்லாதவன்’ என்று கருதுவதா, ‘கருவி குறைந்து நிற்பவன்’ என்று கருதுவதா என்னும் பொருள் வேறுபாடு அதனுள் அடங்கியுள்ளது.

உறக்கம் பற்றிய சொற்கள்

பழந்தமிழில் உறக்கத்தைக் குறிக்கத் துயில், துஞ்சு, உறங்கு, கண்படு முதலாய சொற்கள் பல இருந்தன. அவற்றுள் ‘துஞ்சு’ என்பது உறக்கத்திற்கும் இறப்பிற்கும் பொதுவாக நின்றது. குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன், சித்திரமாடத்துத் துஞ்சிய நன்மாறன் என மறைந்த வேந்தரை அவர் மறைந்த இடத்தொடு சார்த்திக் கூறும் வழக்கினை நாம் அறிவோம். திருவள்ளுவரும் நிலையாமை அதிகாரத்தில் இறப்பை உறக்கத்தோடும் பிறப்பை விழிப்போடும் ஒப்பிடுகின்றார். இன்று பெருவழக்காய் உள்ள ‘தூங்கு’ என்னும் சொல்லோ சங்க நூல்களில் பெரும்பாலும் தொங்குதல், அசைதல், காலம் தாழ்த்தல் என்னும் பொருள்களைத் தந்தது. உறக்கப் பொருள் பின்னரே அதனிடம் மேலோங்கிற்று.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் துஞ்சல், அரற்று, கனவு ஆகிய மூன்றினையும் அடுத்தடுத்து நிறுத்தி மெய்ப்பாடுகளுள் எண்ணுகின்றது. மெய்ப்பாடாவது உள்ளத்து நிகழ்ச்சி உடம்பின்வழிப் பிறர்க்குப் புலனாவது. எனவே உறக்கமும் கனவும் வெறும் இன்மையாகாமல், உள்ளத்தின் இயக்கம் புறத்தே தோன்றும் நிலைகளாக எண்ணப்பட்டமை தெளிவு. குறுந்தொகை 30ஆம் பாட்டில் கச்சிப்பேட்டு நன்னாகையார் காட்டும் தலைவி, கனவில் தலைவனைத் தழுவியதாகக் கண்டு, எழுந்து வறிதே படுக்கையைத் தடவுகின்றாள். கனவு பொய் என அவளே கூறினும், அப்பொய் கைகளை இயக்கும் ஆற்றல் உடையதாக இருந்தது என்பதும் அப்பாட்டாற் பெறப்படும்.

இவ்விலக்கியங்களில் ‘நனவு’ என்பதன் பொருள் ஐயத்திற்கு இடமற்றது. அது கனவிற்கு மறுதலை; விழிப்பு நிலை. திருக்குறளின் கனவுநிலை உரைத்தல் என்னும் அதிகாரமும் நனவையும் கனவையும் எதிர் நிறுத்தியே பேசுகின்றது. நனவு என்பது அறிவு முழுவதற்கும் பெயராக அங்கு யாண்டும் ஆளப்பெறவில்லை.

மெய்கண்டார் கண்ட உறக்கம்

சிவஞான போதத்தின் மூன்றாம் சூத்திரம் உடம்பின் வேறாக உயிர் உண்டு என்பதனைப் பல ஏதுக்களால் நிறுவுகின்றது. அவற்றுள் ஒன்று உறக்கம் பற்றியது. மூச்சே உயிர் என்பார் ஒருசாரார். உறங்குகின்றவனிடத்தும் மூச்சு இடையறாது இயங்குகின்றது. ஆயினும் அவன்பால் நுகர்ச்சியும் இல்லை, செயலும் இல்லை. மூச்சே உயிராயின், மூச்சு உள்ள அந்நிலையிலும் நுகர்ச்சி நிகழ்தல் வேண்டும். நிகழாமையின் மூச்சு வேறு, அறியும் உயிர் வேறு என்பது மெய்கண்டார் துணிபு. ஐம்புலன்களும் ஒடுங்கிய கனவிடத்தும் அறிவு நிகழ்தலை அவர் மற்றோர் ஏதுவாகக் கொண்டார். நாள்தோறும் எல்லார்க்கும் நிகழ்வதொன்றனையே சான்றாகக் கொண்டு பேருண்மையொன்றை நிறுவப் புகுந்தமை இவ்வாதத்தின் சிறப்பாகும்.

நான்காம் சூத்திரம் உயிர் ஐந்து அவத்தைகளை அடையும் என்கின்றது. அவை நனவு, கனவு, உறக்கம், பேருறக்கம், உயிர்ப்படக்கம் என்பன. வடமொழியிற் சாக்கிரம், சொப்பனம், சுழுத்தி, துரியம், துரியாதீதம் எனப்படும். அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் ஒவ்வோர் அவத்தையிலும் தொழிற்படும் கருவிகளை எண்ணிட்டுக் காட்டினார்.

நனவிற் கருவிகள் 35. அறிகருவி ஐந்து, செயற்கருவி ஐந்து, ஓசை முதலிய புலன்கள் ஐந்து, பேச்சு முதலிய தொழில்கள் ஐந்து, வாயுக்கள் பத்து, அந்தக்கரணம் நான்கு, புருடன் ஒன்று என்பன அவை. கனவில் அறிகருவியும் செயற்கருவியுமாகிய பத்தும் நீங்க 25 எஞ்சும். உறக்கத்திற் சித்தம், பிராணன், புருடன் என மூன்றே நிற்கும். பேருறக்கத்திற் சித்தமும் நீங்கி இரண்டாகும். உயிர்ப்படக்கத்தில் மூச்சும் ஒடுங்கிப் புருடன் ஒன்றே எஞ்சும். இவற்றிற்கு முறையே புருவநடு, கண்டம், இதயம், உந்தி, மூலம் ஆகியவற்றை இடமாகக் கூறுவர்.

இதனை விளக்கச் சித்தியார் கூறும் உவமை ஈண்டு நோக்கத்தக்கது. உலாப் போய் மீளும் அரசன் தன்னோடு வந்த படையினரையும் அமைச்சரையும் ஒவ்வொரு வாயிலிலும் நிறுத்திவிட்டு, இறுதியில் தனியனாய் அந்தப்புரம் புகுகின்றான். வாயிலிற் காவல் நிற்பது போல உடம்பிற்குப் பிராணன் காவலாய் நிற்கும். இவ்வுவமையில் அரசன் இறந்தொழியவில்லை. அரசன் அல்லாதான் ஒருவனாக மாறவும் இல்லை. அவன்பாலிருந்து ஏவலர் படிப்படியாக விலகினர், அவ்வளவே. உறக்கம் என்பது அறிவோன் அழிதலன்று, கருவிகளின் நீக்கம் என்னும் கொள்கை இதனினும் தெளிவாகக் கூறற்கரியது.

மாண்டூக்கியத்தோடு ஓர் ஒப்புநோக்கு

மாண்டூக்கிய உபநிடதம் நான்கு நிலைகளைக் கூறுவது. அதன்கண் நான்காவதாகிய துரியமே உயர்ந்த நிலை. ஏனைய மூன்றும் கடக்கப்படுவன. சைவ சித்தாந்தத்தில் துரியம் என்னும் பெயர் நின்றதாயினும் அதன் மதிப்பு வேறாயிற்று. கீழாலவத்தையாக, நனவினின்று கீழ்நோக்கிச் செல்லும் வரிசையில், துரியமும் துரியாதீதமும் இருள் மிகும் நிலைகளேயாம். ஆங்கு உயிரை ஆணவம் மறைத்து நிற்கும். விழிப்பை நோக்கி மீளும் வரிசை மேலாலவத்தை எனப்படும். அருள் கைவந்தார்க்கு உரியனவாகிய நின்மலாவத்தைகளுக்கும் அவ்வைந்து பெயர்களே வழங்கும்.

ஒரே பெயர் இருளின் ஆழத்தையும் அருளின் உயரத்தையும் சுட்டுதல் குழப்பம் போலத் தோன்றலாம். ஆழ்ந்து நோக்கின் அது குழப்பமன்று, எச்சரிக்கை என்பது புலனாகும். புலன்கள் அடங்கின என்பது மட்டும் கொண்டு ஒருவன் மெய்யறிவு பெற்றான் எனக் கூறிவிட இயலாது. அடங்கியது மயக்கத்தாலா, தெளிவாலா என்று வினாவுதல் வேண்டும் என்பது இவ்வாசிரியர் கருத்து. வழக்கத்திற்கு மாறான உணர்வு நிலைகளை எல்லாம் ஞானமென்று போற்றுவார்க்கும், எல்லாம் நோயென்று தள்ளுவார்க்கும் இது பொதுவான விடையாகும்.

மற்றொரு நுட்பமும் உண்டு. மத்தியாலவத்தை என்னும் தலைப்பின்கீழ், நனவிலேயே ஐந்து அவத்தைகளும் நிகழும் என்பர். கண் திறந்திருக்கும், செவி கேட்கும். ஆயினும் அறிவு படிப்படியாக மங்கி, கண்டதனைக் காணாதான் போலவும் கேட்டதனைக் கேளாதான் போலவும் ஒருவன் நிற்றல் கூடும். திருமந்திரத்தின் எட்டாம் தந்திரமும் நனவினுள் நிகழும் இவ்வவத்தைகளைப் பேசுகின்றது. எனவே நனவு என்பதும் ஒரே தன்மையதன்று. அதனுள்ளும் உறக்கம் புகும் என்பது சித்தாந்தம்.

வடலூரில் உறக்கத்தின் அளவு

தில்லையை அடுத்த கொற்றவன்குடியில் வாழ்ந்த உமாபதி சிவாசாரியார் தம் சங்கற்ப நிராகரணத்தில் சகம் 1235 என்னும் ஆண்டினைக் குறித்துள்ளார். அஃது கி.பி. 1313 ஆகும். பாடல் பெற்ற தலங்களின் வரிசையில் தில்லை சோழநாட்டதாயினும், மெய்கண்ட மரபு நடுநாட்டினின்று அங்குச் சென்று தழைத்தமையை இது காட்டும். அம்மரபு ஆராய்ந்தது உறக்கத்தின் இயல்பு. அதன் அளவினை ஆராயப் புகுந்தவர் இதே வட்டாரத்திற் பின்னர்த் தோன்றிய இராமலிங்க அடிகளார் ஆவர்.

1823இல் மருதூரிற் பிறந்த அடிகளார் 1867இல் வடலூரிற் சத்திய தருமச்சாலையையும் 1872இல் சத்திய ஞானசபையையும் தொடங்கினார். 1874 சனவரியில் மேட்டுக்குப்பத்துச் சித்திவளாகத் திருமாளிகையின் அறையினுட் புகுந்தார். சாகாக்கலையை வற்புறுத்திய அவருக்கு உறக்கம் நாள்தோறும் வரும் சிறு மறைவாகப் பட்டதில் வியப்பில்லை. அவர்தம் உபதேசக் குறிப்புகள் உறக்கத்திற்கு அரைக்கால் பங்கினை வரையறுக்கின்றன. ஒரு நாளின் அரைக்கால் எனின் மூன்று மணி நேரமாகும். கதிரவன் எழுமுன் எழுதலும் பகலுறக்கம் ஒழித்தலும் அவர் வகுத்த ஒழுக்கத்தின் கூறுகள். பகலில் துயிலலாகாது என்பது தேரையர் நோயணுகா விதியிலும் காணப்படும் பழைய மருத்துவ நெறியே.

இவ்வளவு குறைந்த உறக்கம் அருள்நெறியில் நிற்பார்க்கு உரைத்ததேயன்றி உழைக்கும் மக்கள் அனைவர்க்கும் உரைத்ததாகக் கொள்ளுதல் பொருந்தாது. வளர்ந்தோர்க்கு நாளொன்றுக்கு ஏழு மணி நேரமேனும் உறக்கம் வேண்டும் என்பது இற்றை மருத்துவர் பரிந்துரை.

நெய்வேலியும் மாறிய இரவும்

1930களிற் கிணறு தோண்டியபோது நெய்வேலியிற் பழுப்பு நிலக்கரி வெளிப்பட்டது. 1961இற் சுரங்கம் நிலக்கரிப் படுகையை எட்டியது. 1962இல் மின்னாக்கம் தொடங்கிற்று. சோவியத்து நாட்டின் உதவியோடு எழுந்த முதல் அனல்மின் நிலையம் 600 மெகாவாட் திறன் பெற்றது. அது 2020இல் மூடப்பட்டது. பின்னர் எழுந்த சுரங்கங்களும் மின்நிலையங்களும் பணியைத் தொடர்ந்தன.

இத்தொழில் ஏன் உறங்குவதில்லை என்பதற்கு நிலவியற் காரணம் ஒன்று உண்டு. நிலக்கரிப் படுகையின் அடியில் மிகுந்த அழுத்தமுடைய நிலத்தடி நீர் உள்ளது. அதனை இறைத்து அழுத்தத்தைக் குறையாவிடின் நீர் மேலெழுந்து சுரங்கத்தை அழிக்கும். ஆதலின் இறைப்பு இரவும் பகலும் ஓயாது நடத்தல் வேண்டும். மின்னாக்கமும் அத்தகையதே. இதன் பயனாக மூன்று முறைப்பணி ஏற்பட்டது. தொழிலாளர் அதனை ‘ஷிப்ட்’ என்ற சொல்லாலேயே வழங்குவர். தேரையரும் வள்ளலாரும் விலக்கிய பகலுறக்கம், வள்ளலார் வாழ்ந்த ஊரின் பக்கத்திலேயே பல குடும்பங்களின் கடமையாயிற்று. இரவுப் பணி முடித்தவர் வீட்டில் உறங்கும்போது பிள்ளைகளை ஓசையின்றி விளையாடச் செய்தல் அத்தகைய இல்லங்களின் புதிய ஒழுக்கமாகும்.

பணிநேரத்தை மாற்றினால் உடம்பின் நேரமும் உடனே மாறிவிடுமா? 1938இல் நத்தானியேல் கிளைட்மனும் அவர் மாணவர் புரூஸ் ரிச்சர்ட்சனும் அமெரிக்காவின் மாமத் குகையில், கதிரொளி புகாத இடத்தில், 32 நாள் தங்கி 28 மணி நேர நாளொன்றினைப் பின்பற்ற முயன்றனர். இளையவர் ஒருவாறு இணங்கினார். கிளைட்மனின் உடல்வெப்பமோ 24 மணி நேர ஓட்டத்தை விடவில்லை. உடம்பினுள் ஒரு கடிகாரம் உண்டென்பது பின்னர்ப் பல ஆய்வுகளால் உறுதிப்பட்டது. அதன் மூலக்கூற்று இயக்கத்தைக் கண்ட மூவர்க்கு 2017இல் நோபெல் பரிசு வழங்கப்பட்டது.

தமிழ்நாட்டிலும் இத்துறை ஆய்வு நிகழ்ந்துள்ளது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம். கே. சந்திரசேகரனும் அவருடன் ஆராய்ந்தோரும் 1981இல் வெளியிட்ட ஆய்வொன்று, இருட்குகையில் அடைபட்ட பூச்சியுண்ணும் வௌவால், வெளியே பறந்து மீளும் தன் இனத்தாரின் நடமாட்டத்தைக் கொண்டே தன் காலத்தைச் சரிப்படுத்திக் கொள்ளும் எனக் காட்டிற்று. இனத்தார் இல்லாத குகையில் அதன் காலம் தனித்து ஓடியது. ஒளியேயன்றிச் சுற்றமும் சில உயிர்க்குக் காலங்காட்டி என்பது இதனாற் பெறப்படும். இரவுப் பணியாளர்க்கு ஒளியும் மாறுபடுகின்றது, சுற்றமும் மாறுபடுகின்றது. அவர்தம் பகலுறக்கம் இரவுறக்கத்தினும் குறுகியதாதல் பலவிடத்தும் கண்ட உண்மை. உடற்காலத்தைக் குலைக்கும் முறைப்பணியைப் புற்றுநோய்க்குக் காரணமாதல் கூடுவதொன்றென உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை 2007இல் வகைப்படுத்தி, 2019இல் இரவுப் பணி பற்றி அதனை மீளவும் உறுதி செய்தது.

பின்னிரவிற் பொறியின்முன் அமர்ந்திருப்பவர்க்குக் கண் திறந்திருக்கவே சில நொடிகள் அறிவு அற்றுப்போதல் உண்டு. இதனை நுண்துயில் எனலாம். நனவிற்குள் உறக்கம் புகும் என்ற மத்தியாலவத்தைக் கொள்கையைத் தொழிற்கூடப் பாதுகாப்பு நூல்கள் அறியா. ஆயினும் அவை அஞ்சுவது அந்நிலையினையே.

ஆய்வுக்கூடமும் அவத்தையும்

1924இல் ஆன்சு பெர்கர் மனித மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்தார். 1953இல் அசெரின்சுகியும் கிளைட்மனும் உறக்கத்தின் ஒரு பகுதியிற் கண்கள் விரைந்து அசைதலையும், அப்போது எழுப்பப்பட்டோர் பெரும்பாலும் கனவு கூறுதலையும் கண்டனர். அப்பகுதியில் மூளை விழிப்பினை ஒத்து இயங்கும். உடற்றசைகளோ செயலற்றுக் கிடக்கும். அறிகருவியும் செயற்கருவியும் நீங்க, அந்தக்கரணம் இயங்குவது கனவு என்ற சித்தியார் கணக்கோடு இது ஒத்துள்ளது.

ஆயினும் ஒவ்வாமையும் உண்டு. அதனை மறைத்தல் ஆராய்ச்சியாகாது. கீழாலவத்தையில் நனவின்பின் கனவும், கனவின்பின் உறக்கமும் வரும். ஆய்வுக்கூடத்திலோ முதலில் ஆழ்ந்த உறக்கமும் பின்னரே கண்ணசைவு உறக்கமும் வருகின்றன; ஏறத்தாழ 90 நிமிடத்திற்கு ஒருமுறை இச்சுழற்சி மீள்கின்றது. கண்டம், இதயம், உந்தி என்னும் இடங்களுக்கும் மூளை ஆய்வில் நேரொப்பு இல்லை. எனவே முன்னோர் இவற்றை முன்னரே கண்டனர் எனப் பெருமை கொள்ளுதல் பொருந்தாது. அவர்தம் ஆய்வு உயிரின் இயல்பைத் தெளிதற்கு எழுந்தது. இவர்தம் ஆய்வு உடம்பின் இயக்கத்தை அளத்தற்கு எழுந்தது. இரண்டும் சந்திக்கும் இடம் ஒன்றே: உறக்கம் ஒரு வெறுமையன்று, அது படிகள் உடையது.

கலைச்சொல் பற்றிய முடிவு

இனி நாம் தொடக்கத்தில் எழுப்பிய வினாவிற்கு வருவோம். தமிழ் உளவியல் நூல்களில் அறிவுநிலை முழுவதும் ‘நனவு’ எனவும், அதற்குப் புறம்பாய மனப்பகுதி ‘நனவிலி’ எனவும் வழங்கப்படுகின்றன. இவ்வழக்கின்படி கனவு நனவிலியின்பாற்படும். ஆனால் கனவு காண்போன் அஞ்சுகின்றான், மகிழ்கின்றான், விழித்தபின் அதனை நினைவுகூர்கின்றான். அவனிடத்து உணர்வு இல்லை என்பது எவ்வாறு பொருந்தும்? அவனிடத்து இல்லாதது நனவு, உள்ளது உணர்வு.

‘அறிதுயில்’ என்னும் சொல்லுக்கும் இவ்வாறே நேர்ந்தது. வைணவ மரபில் அது திருமாலின் துயில். துயில்வோன் அனைத்தையும் அறிந்தவாறே துயில்வது. 1840களில் சேம்சு பிரெய்டு என்பார் கிரேக்கத் துயிற் கடவுளின் பெயரால் ஹிப்னாடிசம் எனப் பெயரிட்ட நிலைக்கு இச்சொல்லை ஈடாக்கினர். அந்நிலையிற் பிறர் கூறும் குறிப்பிற்கு இணங்குதலே மேலோங்கும். அது துயிலும் அன்று என்பதை மூளையலைப் பதிவுகள் காட்டுகின்றன.

ஆதலின் அறிவுநிலை முழுவதற்கும் ‘உணர்வு’ என்பதனையும், விழிப்பிற்கு மட்டும் ‘நனவு’ என்பதனையும் வரையறுத்துக் கொள்ளுதல் தக்கது. உணர்வு என்பது உணர்ச்சிக்கும் வழங்குதலின் மயக்கம் தரும் எனின், உணர்வுநிலை எனக் கூட்டி வழங்கலாம். மாறிய நிலைகளை ‘உணர்வுநிலை வேறுபாடு’ எனலாம். பழைய ‘அவத்தை’ என்பதும் ஏற்புடைத்தே. இங்ஙனம் வரையறுப்பின் நனவு, கனவு, உறக்கம் ஆகிய மூன்றும் உணர்வின் நிலைகளாய் ஓரினத்தில் அடங்கும். விழிப்பொன்றே மனிதன் என்னும் பிழை நேராது.

இதன் பயன் நூலகத்தோடு நிற்பதன்று. விழித்திருக்கும் மணிகளை மட்டுமே வாழ்வெனக் கணக்கிடும் தொழிலுலகம், உறங்கும் மணிகளை வேண்டியவாறு நகர்த்தக்கூடிய வெற்றிடமாகக் கருதுகின்றது. நடுநாட்டு ஆசிரியர் உறங்குகின்றவனைத் தன் மனையகம் புக்க அரசனாகக் கண்டனர். அவன் அங்கு உளன். அவனுக்கு அம்மனை வேண்டும். உளவியல் கலைச்சொற்களைத் தொகுப்போர் மெய்கண்ட நூல்களின் அவத்தைச் சொற்களையும், நெய்வேலி போன்ற ஊர்களின் தொழிலாளர் உறக்கம் பற்றி வழங்கும் பேச்சுச் சொற்களையும் ஒருங்கே தொகுத்து ஆராய்வாராயின், தமிழ் உளவியலுக்கு உறுதியான சொல்லடிப்படை ஒன்று வாய்க்கும். தமிழாய்வு மாணவர் இத்துறையிற் கருத்துச் செலுத்துவாராக.